பதினாறாம் நாள் செய்தி
பேரிடரைத் திரையில் பார்ப்பது குறித்துச் சில குறிப்புகள்

1

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பௌர்ணமி. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊருக்கு அலை டிவி வழியாகத்தான் வந்தது. மத்தியானத்திலிருந்து ராத்திரி வரைக்கும் வந்தது. மறுநாளும் வந்தது. அதே அலை, அதே தென்னை, அதே ஓட்டம். மூன்றாம் நாள் மத்தியானம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு டிவிக்கு எதிரே உட்கார்ந்தேன். நாகப்பட்டினத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஆச்சி சத்தம் போட்டாள்.

"ஏலே, பொணத்தப் பாத்துக்கிட்டா சோறு திங்க? ஒண்ணு அத அமத்து, இல்ல தட்ட வையி."

"நியூஸ் பாக்க வேண்டாமா ஆச்சி?"

பதில் இல்லை. சாயங்காலம் தலைமுழுகிவிட்டு ஈரக்கூந்தலோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். "எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தாப்ல இருக்கு" என்றாள். நான் அன்றைக்குச் சிரித்தேன். டிவிக்குள் நடக்கிற சாவுக்குத் தீட்டு உண்டா என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. இருபது வருஷம் கழித்து, அந்த வீட்டில் அன்றைக்கு செய்தியை ஒழுங்காகப் பார்த்த ஒரே ஆள் ஆச்சிதான் என்று தோன்றுகிறது. இந்தக் கட்டுரை அதை விளங்கிக்கொள்வதற்கான முயற்சி.

2

ஒவ்வொரு பேரிடரின்போதும் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பத்திரிகைகளில் ஒரு கட்டுரை வந்துவிடும். மனநல மருத்துவர் ஒருவர் சொல்வார்: செய்தி பார்க்கும் நேரத்தைக் குறையுங்கள், குழந்தைகளைத் திரைக்கு முன்னால் தனியே விடாதீர்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், மனசில் இருப்பதை யாரிடமாவது பேசுங்கள்.

இந்த அறிவுரையைக் கேலி செய்வது சுலபம். நம் வட்டாரத்தில் அப்படித்தான் பழக்கம். ஆனால் அது தப்பான அறிவுரை இல்லை. 2013இல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்த பிறகு அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். வெடிப்பைத் தொடர்ந்த வாரத்தில் தினம் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே மூழ்கிக் கிடந்தவர்களுக்கு, அந்த இடத்திலேயே இருந்தவர்களைக் காட்டிலும் கடுமையான மன உளைச்சல் அறிகுறிகள் இருந்தன என்று 2014இல் வெளியிட்டார்கள். அது இயற்கைப் பேரிடர் இல்லைதான். ஆனால் திரை வேலைசெய்யும் விதம் ஒன்றுதான். நடந்த இடத்தில் இருந்தவனுக்குச் சம்பவம் ஒருமுறைதான் நடந்தது, அது முடிந்தும் போனது. திரையில் பார்ப்பவனுக்கு அது முடிவதேயில்லை. சின்னக் குழந்தைக்கு, திரும்பத் திரும்ப வரும் அலை ஒரே அலைதான் என்பது தெரியாது. ஒவ்வொரு தடவையும் இன்னொரு ஊர் மூழ்குகிறது. பெரியவர்களுக்குப் புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. ஆகவே தாங்க முடியாதவர் அணைத்துவிட்டுத் தூங்கப் போகட்டும். அதில் கோழைத்தனம் ஒன்றுமில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த அறிவுரை யாரிடம் பேசுகிறது? ரிமோட் கையில் இருப்பவரிடம் பேசுகிறது. எது அவருடைய பிரச்சினை? மன அமைதி குலைந்துபோனது. எது தீர்வு? பழைய அமைதிக்குத் திரும்புவது. இந்தச் சொல்லாடலில் செத்தவர்கள் ஒருவகை ஒவ்வாமைப் பொருளாக ஆகிவிடுகிறார்கள். அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. ஆச்சியும் "அமத்து" என்றுதான் சொன்னாள். ஆனால் மருத்துவர், நீ நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமென்றால் பிணத்தைப் பார்க்காதே என்கிறார். ஆச்சி, பிணத்தைப் பார்த்துவிட்டாய் அல்லவா, அப்படியானால் சாப்பிடாதே என்கிறாள். ஒன்று பார்ப்பவனைக் காப்பாற்றும் பேச்சு. இன்னொன்று, பார்த்ததால் வந்து சேர்ந்த கடமையைச் சொல்லும் பேச்சு.

3

அந்த நாட்களில் உலகம் பூராவும் போன படம் ஒன்று உண்டு. ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா 2004 டிசம்பர் 28 அன்று கடலூரில் எடுத்தது. அந்த ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் புகைப்படமாகத் தேர்வானது. தரையில் விழுந்து கிடக்கிறார் ஒரு பெண். இரண்டு கைகளும் விரிந்து, உள்ளங்கைகள் மேலே பார்த்தபடி. படத்தின் விளிம்பில் இறந்துபோன உறவினர் ஒருவரின் கை மட்டும். உடல் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறது.

படம் எடுக்கப்பட்ட அதே டிசம்பர் 28இல்தான் நியூயார்க்கில் சூசன் சொன்டாக் இறந்தார். புகைப்படம் குறித்து 1977இல் வந்த நூலில், கோர பிம்பங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நம்மை மரத்துப்போக வைக்கிறது என்று வாதாடியவர் அவர். 2003இல் வந்த நூலில், பிறர் வலியைப் பார்ப்பது பற்றிப் பேசும்போது, அந்தப் பழைய முடிவைத் தானே சந்தேகித்தார். மரத்துப்போவது பார்ப்பதால் அல்ல, செய்ய ஏதுமற்ற நிலையில் பார்த்துக்கொண்டே இருப்பதால் என்ற திசையில் அவர் யோசனை போனது. கடலூர்ப் படத்தை அவர் பார்க்க வாய்ப்பில்லை. பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று கற்பனை செய்வதைவிட, அவர் விட்ட இடத்திலிருந்து நாம் யோசிப்பது நல்லது.

அந்தப் படத்தில் ஓர் ஒப்பாரி இருக்கிறது, சத்தம் இல்லை. அந்தப் பெண் என்ன உறவுமுறை சொல்லி அழுதார் என்பது நமக்குக் கேட்காது. உலகப் பத்திரிகைகளில் அவர் "ஓர் இந்தியப் பெண்". விளிம்பில் கிடக்கும் கைக்கு அதுகூட இல்லை. நம் கண்ணீர் முழுக்க நடுவில் இருக்கும் பெண்ணிடம் போகிறது. விளிம்பில் இருப்பவர் நம் கண்ணீரைத் தூண்டும் பொருளாக மட்டும் நிற்கிறார். புகைப்படக்காரரைக் குறை சொல்லவில்லை. கையோடு நிறுத்திக்கொண்டது அவருடைய கண்ணியம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஒரு படத்தோடு நம் துக்கம் நின்றுபோனது என்பதுதான் விஷயம். தமிழகத்தில் மட்டும் அந்த அலையில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் செத்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் அளவில். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி, தேவனாம்பட்டினம், குளச்சல். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேல். இந்தோனேசியாவின் அச்சேயில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இதை ஒரு பெண்ணின் கைகளில் நாம் அடக்கிக்கொண்டோம். அதனால்தான் நம்மால் தாங்க முடிந்தது என்றும் சொல்லலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அலை வரும் காட்சியாக நாம் பார்த்தவற்றில் பெரும்பகுதி, தாய்லாந்து போன்ற இடங்களின் கடற்கரை விடுதிகளில் தங்கியிருந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்தவை. காமிரா இருந்த இடத்தில் அலை பதிவானது. காமிரா இல்லாத குப்பத்தில் அலை போன பிறகுள்ள சேறும் உடல்களும்தான் பதிவாயின. அங்கே ஓடும் மனிதர்கள், இங்கே அடுக்கிய பிணங்கள். ஒரே கடல்தான், ஆனால் யார் உயிரோடு காட்டப்படுகிறார், யார் பிணமாக மட்டுமே காட்டப்படுகிறார் என்பதைக் கடல் தீர்மானிக்கவில்லை.

4

அந்த உடல்களைத் தொட்டுத் தூக்கியது யார்? வேறு வேறு நகராட்சிகளிலிருந்து நாகைக்குக் கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். பெரும்பாலும் தலித்துகள். போதிய கையுறை, முகமூடி இல்லாமல் நாள்கணக்கில் அழுகிய உடல்களை அள்ளினார்கள். அதே கரையில், நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதையும், தண்ணீரும் பொருளும் மறுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. அலை எல்லாரையும் சமமாக அடித்தது என்று கவிதை எழுதிய நாம், அலை வடிந்த மணலில் சாதி முதலில் எழுந்து நின்றதைப் பார்க்கத் தவறினோம்.

பேரிடர்ச் செய்திகளைப் பார்ப்போரின் மன உளைச்சலைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எதிலும் இந்தத் தொழிலாளர்கள் வரவில்லை. பார்த்தவனுக்கு ஆற்றுப்படுத்தல் தேவை என்று ஒப்புக்கொள்ளும் சமூகம், தொட்டவனுக்கு அது பழகிப்போன வேலைதானே என்று நினைக்கிறது. உணர்ச்சிவசப்படும் உரிமைகூட இங்கே சாதிப்படிதான் பங்கிடப்பட்டிருக்கிறது.

டிவி அறிவிப்பாளர்களின் தழுதழுத்த குரலைக் கேட்டுவிட்டு, "கூலிக்கு மாரடிக்கிறான்" என்று நாம் சொல்வதுண்டு. நானே சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் நிறுத்தி யோசித்தால் அந்தச் சொலவடையே ஒரு வசவு. சாவு வீட்டில் கூலி வாங்கிக்கொண்டு அழுதவர்களும் அடித்தவர்களும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியார். உங்கள் துக்கத்தை உங்களால் சுமக்க முடியாமல் எங்கள் முதுகில் ஏற்றினீர்கள், இனி ஏற்ற முடியாது என்றுதான் சாவுக்குப் பறையடிக்க மறுத்த போராட்டங்கள் சொன்னன. திரைக்கு முன்னால் நாம் செய்வதும் அதன் புது வடிவம்தானோ என்று சந்தேகமாக இருக்கிறது. கடலூர்ப் பெண் நமக்காக அழுகிறார், நாம் பார்க்கிறோம்.

5

இரக்கத்துக்கு ஒரு மொழி வேண்டும். 2004இல் பத்திரிகைகள் தந்த மொழி: "ராட்சத அலை", "கொலைகாரக் கடல்". கடலைக் கொலைகாரனாக்கிவிட்டால் வேறு யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை ஆறரை மணி அளவில். தமிழகக் கரைக்கு அலை வந்தது ஒன்பது மணிவாக்கில். இடையில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். பசிபிக் கடலுக்கு இருந்த எச்சரிக்கை ஏற்பாடு இந்தியப் பெருங்கடலுக்கு அன்று இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது 2007 அக்டோபரில்தான். இந்த இரண்டரை மணி நேரத்தைத் திரையில் காட்ட முடியாது. அதற்குப் பிம்பம் கிடையாது. அலைக்கு உண்டு.

இரக்கத்தின் இன்னொரு வேலையையும் பார்த்தோம். அந்த நாட்களில் நம் வீடுகளில் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்ட கேள்வி: "பாவம், இவ்வளவு ஆபத்தான எடத்துல ஏன்தான் குடியிருக்காங்களோ?" நல்ல மனசோடு கேட்ட கேள்விதான். 2005 மார்ச்சில் தமிழக அரசின் ஆணை வந்தது. கடலேற்றக் கோட்டிலிருந்து இருநூறு மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள், அதற்கு அப்பால் போனால் புது வீடு இலவசம். போகமாட்டேன் என்றால் இருக்கிற வீட்டைத் தாங்களே பழுதுபார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. வலையும் படகும் கரையில், வீடு உள்ளே என்றானால் மீனவனுக்கு என்ன ஆகும், காலியான கரை யாருக்குப் போகும் என்று கடலோர மக்கள் கேட்டார்கள். அப்போது டிவி அங்கே இல்லை. நாமும் இல்லை. நம் பரிதாபக் கேள்வி மட்டும் அரசாணைக்கு நியாயமாக அங்கே நின்றுகொண்டிருந்தது.

6

பிம்பம் இல்லாத பேரிடர்கள் இதைவிடக் கடினமானவை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல். குமரி மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்ததைக் காட்டினார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே காமிரா இல்லை. அலையைக் காட்ட முடியாத இடத்தில் செய்தியும் இல்லை. கரையிலிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பங்குக் கோயில்களில் பட்டியல் எழுதினார்கள். எந்தப் படகு, யார் யார், என்றைக்குப் போனார்கள். அரசு சொன்ன எண்ணிக்கையும் ஊர் சொன்ன எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். வந்த பிறகுதான் நம் டிவிக்கு ஒக்கி வந்தது.

அந்த மறியலை அழுகையின் எதிர்ப்பதமாக நான் பார்க்கவில்லை. ஒப்பாரியின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன். ஒப்பாரிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. செத்தவரை உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது, அவர் உழுததை, வாங்கித் தந்ததை, சொல்லாமல் போனதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வது. அது ஒரு பட்டியல். நடுநடுவே கணக்கும் கேட்கும். அண்ணன் தம்பி செய்த துரோகம், புருஷன் வீட்டுக் கொடுமை எல்லாம் அங்கே சபைக்கு வந்துவிடும். எழவு வீட்டில் அவளவள் தன் சொந்தக் கதைக்கும் சேர்த்துத்தான் அழுவாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் போலி என்று சொல்வதில்லை. ஆகவே டிவி முன்னால் தன் செத்துப்போன தம்பியை நினைத்துக் கண் கலங்கியவர் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம். அந்தக் கண்ணீர் உண்மையானது. கட்டிப்பிடித்து அழ ஒரு கழுத்தும், கணக்குக் கேட்க ஒரு சபையும் மட்டும் அதற்கு இல்லை.

2020 ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. 6ஆம் தேதி ராத்திரி மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்கள் புதைந்தன. எழுபது பேர். தமிழர்கள், பலர் கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன குடும்பங்கள். தொலைபேசித் தொடர்பு அற்றுப்போனதால் வெளியே தெரியவே மறுநாள் விடிந்துவிட்டது. அன்று சாயங்காலம் கோழிக்கோட்டில் விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சரிந்தது. டிவி அங்கே போய்விட்டது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு பத்து லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம். இரண்டையும் ஒரே ராத்திரியில் பார்த்த நமக்கு எதற்காக மனசு அதிகம் பதறியது என்று யோசித்துப் பாருங்கள். விமானத்தில் நாம் போகலாம். லயத்தில் நாம் இருக்கப்போவதில்லை. தனக்கு நேரலாம் என்ற பயத்தை நாம் அடிக்கடி துக்கம் என்று பெயர் சொல்லி அழைக்கிறோம்.

7

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2005 ஜனவரியில் அலையைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். ஒரு பத்திரிகையில் வந்தது. கடல்தாய் பிள்ளைகளைத் தின்றுவிட்டாள் என்ற மாதிரி. நண்பர்கள் பாராட்டினார்கள். எனக்கும் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அண்மையில் அதை எடுத்துப் படித்தேன். ஓர் ஊர்ப்பெயர்கூட அதில் இல்லை. கவிதை எழுதிய பிறகு அந்த வருஷம் முழுக்க நான் நாகப்பட்டினத்தைப் பற்றி ஒரு வரிகூடப் படித்ததாக ஞாபகம் இல்லை. அந்தக் கவிதை, நான் டிவியை அணைத்த விதம்.

தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. மூன்றாம் நாளே துண்டறிக்கை அடித்துவிடுவோம். துக்கம் கோஷமாகிவிடும். அழ நேரம் கொடுக்காத அரசியல், அழுவதோடு நின்றுபோகும் டிவியைவிட ஒன்றும் உசத்தி இல்லை. அதுவும் சீக்கிரம் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. நாகைக் கரையில் நிம்ஹான்ஸ் ஆட்கள் உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து வீடு வீடாக அனுப்பியபோது, அவர்களுக்குச் சொல்லித்தந்த முக்கியமான வேலை, உட்கார்ந்து கேட்பது. நம் இயக்கங்கள் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்தில் சாவுக்குக் காலக்கணக்கு உண்டு. எடுக்கிற நாள், பதினாறாம் நாள், வருஷத் திவசம். முதல் நாள் ஊரே கூடும். பதினாறுக்கு வேண்டியவர்கள் வருவார்கள். அன்றைக்குத்தான் கடன், சொத்து, பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற பேச்செல்லாம். முதல் நாளை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே நாள் முழுக்க ஓட்டுவதுதான் டிவியின் துக்கம். அதற்குப் பதினாறாம் நாள் கிடையாது. நமக்கு மூச்சு முட்டுவதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். முடிவில்லாத முதல் நாளில் யாராலும் வாழ முடியாது.

ஆகவே, செய்தியை எவ்வளவு நேரம் பார்ப்பது என்ற கேள்வியை, எத்தனை காலம் பார்ப்பது என்று மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் பார்ப்பதால் யாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் பதினாறாம் நாள் தேடிப் போய்ப் படியுங்கள். மூன்றாம் மாதம் முகாமில் யார் மிச்சம் என்று கேளுங்கள். வருஷம் திரும்பும்போது வீடு வந்ததா, எவ்வளவு தூரத்தில் என்று பாருங்கள். நான் இப்போது ஒரு நோட்டில் ஊர்ப்பெயரும் தேதியும் எழுதி வைக்கிறேன். பெரிய புரட்சி ஒன்றுமில்லை. தூக்கம் வருகிறது, மறதி வருவதில்லை. செத்தவர்களின் பெயர்களை எழுதுவதில்லை. அவை அவர்கள் குடும்பத்துக்கும் ஊருக்கும் உரியவை, நிவாரணப் பட்டியலில் இருக்க வேண்டியவை. என் கண்ணீருக்கு அவை தேவையில்லை.

நோட்டில் கடைசியாக எழுதியவற்றில் ஒன்று: 2024 ஜூலை 30, முண்டக்கை, சூரல்மலை. வயநாட்டின் அந்த மண்சரிவில் அடையாளம் தெரியாத உடல்களையும் உடலின் பகுதிகளையும் புத்துமலையில் புதைத்தார்கள். புத்துமலையே 2019 ஆகஸ்டில் மண்சரிந்து பதினேழு பேரைப் பறிகொடுத்த ஊர்தான். பெயர் தெரியாததால் கல்லில் எண் எழுதினார்கள். பிறகு மரபணுச் சோதனை முடிவுகள் வரவர, சில எண்களுக்குப் பெயர் கிடைத்தது. உறவினர்கள் வந்து பெயரை எழுதினார்கள். டிவி காமிராக்கள் மலையிறங்கிய பிறகு மெதுவாக நடந்த வேலை அது. இன்னும் எண்ணாகவே நிற்கும் கற்களும் உண்டு.

ஆச்சி இப்போது இல்லை. அன்று அவள் தலைமுழுகியது தீட்டுக்கு என்று நினைத்தேன். பார்த்துவிட்டு வந்த வீட்டுக்கும் தனக்கும் ஒரு சம்பந்தம் ஏற்பட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்ட செயலாகவும் அது இருந்திருக்கலாம். பதினாறாம் நாள் அவள் நாகப்பட்டினத்தைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதற்குள் நான் கவிதை எழுதி முடித்திருந்தேன்.